காணாமல் போன மணி நேரங்கள்: தொலைவிலிருந்து வேலை செய்யும் குழுக்களின் நேரப்பதிவுக் கோளாறுகளைக் கண்டுபிடித்துத் திருத்தும் முறை

பல ஊர்களிலிருந்து வேலை செய்யும் ஒரு குழுவின் நேரப்பதிவுகளை மாதக் கடைசியில் சரிபார்த்துச் சம்பளக் கணக்குக்கு அனுப்பும் பொறுப்பு என்னுடையது. பொறுப்பேற்ற புதிதில், அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து வேலை செய்யும் சக ஊழியர் ஒருவருக்குத் திங்கட்கிழமைதோறும் 6 மணி நேரமே பதிவாகியிருப்பதைக் கண்டேன். செவ்வாய் முதல் வெள்ளி வரை 8. சனிக்கிழமை 2. திங்களன்று தாமதமாகத் தொடங்கி, விட்டதைச் சனிக்கிழமை ஈடுகட்டுகிறார் என்று நானாக முடிவுகட்டி, "திங்கட்கிழமை காலையில் ஏதாவது சிரமமா?" என்று எழுதிக் கேட்டேன். அவர் திங்கட்கிழமைப் பதிவை அப்படியே நகலெடுத்து அனுப்பினார்: காலை 9 முதல் பகல் 1 வரை, பகல் 2 முதல் மாலை 6 வரை. அடியில் ஒரு வரி: "சனிக்கிழமை நான் கணினியைத் தொடுவதே இல்லை. சரிபார்த்துச் சொல்லுங்கள்."

பிழை எங்கள் அறிக்கையில் இருந்தது. எப்படி வந்தது என்பதைக் கீழே சொல்கிறேன். அந்தக் கேள்வியை அவரிடம் கேட்டதற்காக இன்றும் வருந்துகிறேன். அன்றிலிருந்து ஒரு வரிசையை விடாமல் பின்பற்றி வருகிறேன்: முதலில் கடிகாரத்தைப் பார், அடுத்துக் கூட்டலைப் பார், அதற்கடுத்து விதியைப் பார், மனிதரிடம் கடைசியில் போ. கீழே உள்ளவையும் ஏறத்தாழ அந்த வரிசையில்தான் இருக்கின்றன.

## தொடங்குமுன்

அறிக்கையை வைத்துக்கொண்டு பிழை தேடாதீர்கள். அறிக்கை என்பது கூட்டி, சுருக்கி, முழுமையாக்கி (அதாவது நிமிடங்களை 5, 15 போன்ற முழு அளவுகளுக்கு நகர்த்தி) முடித்த பண்டம். உங்களுக்கு வேண்டியது மூலப் பதிவு. நேரப்பதிவுச் செயலியில் ஏற்றுமதி என்ற வசதி இருக்கும். அதில் சிஎஸ்வி கோப்பாக, அதாவது விரிதாளில் திறக்கக்கூடிய எளிய உரைக் கோப்பாக, இறக்கிக்கொள்ளுங்கள். தொடக்க நேரம், முடிவு நேரம், நேர மண்டலம், யார் எப்போது திருத்தினார் என்ற விவரம் ஆகிய நான்கும் அதில் இருக்க வேண்டும். ஒரே ஒருவரை, ஒரே ஒரு நாளை எடுத்துக் கையால் கூட்டிப் பாருங்கள். முழுக் குழுவையும் ஒரே மூச்சில் பார்த்தால் பத்துப் பிழைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து எதுவும் புலப்படாது.

மூலப் பதிவில் தொடக்கமும் முடிவும் இல்லாமல் "8 மணி நேரம்" என்று வெறும் அளவு மட்டும் இருந்தால், கீழே சொல்லும் சோதனைகளில் பாதி உங்களுக்குப் பயன்படாது. அந்த நிலையில் முதல் திருத்தமே, இனி தொடக்கத்தையும் முடிவையும் பதியச் செய்வதுதான்.

## அறிகுறி 1: வாரக் கூட்டல் சரியாக இருக்கிறது, நாள் கணக்கு மட்டும் தவறுகிறது

என் சக ஊழியருக்கு நேர்ந்தது இதுதான். வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது துல்லியமாக இருந்தது. திங்கட்கிழமையில் 2 குறைந்து, சனிக்கிழமையில் 2 முளைத்திருந்தது.

பெரும்பாலான செயலிகள் நேரத்தை யுடிசி என்ற ஒருங்கிணைந்த உலக நேரத்தில் சேமிக்கின்றன. அது நல்ல வழக்கம். சிக்கல் அறிக்கை தயாராகும்போது வருகிறது. நாள் எங்கே முடிந்து எங்கே தொடங்குகிறது என்பதையும் யுடிசி நள்ளிரவை வைத்தே வெட்டிவிட்டால், ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு இடத்தில் வெட்டு விழும். குளிர்காலத்தில் அமெரிக்க மேற்குக் கரை யுடிசியைவிட 8 மணி நேரம் பின்தங்கியிருக்கும். ஆகவே அங்கே மாலை 4 மணிக்கு அறிக்கையில் அடுத்த நாள் பிறந்துவிடுகிறது. மாலை 4 முதல் 6 வரையிலான வேலை ஒவ்வொரு நாளும் மறுநாளின் கணக்கில் விழுகிறது. செவ்வாய் முதல் வெள்ளி வரை, முந்தைய நாளிலிருந்து 2 வருகிறது, அடுத்த நாளுக்கு 2 போகிறது. எட்டு எட்டாகவே தெரிகிறது. திங்களுக்கு மட்டும் வரவு இல்லை. வெள்ளிக்கிழமையின் மிச்சம் சனிக்கிழமையில் போய் உட்கார்ந்துவிடுகிறது.

இந்தக் கோளாறை உறுதிசெய்ய ஓர் எளிய வழி உண்டு. ஓய்வுநாளில் பதிவாகியிருக்கும் நேரம் வாரந்தோறும் ஒரே அளவாக இருக்கிறதா என்று பாருங்கள். மனிதர் உண்மையிலேயே சனிக்கிழமை வேலை செய்தால் ஒரு வாரம் 40 நிமிடம், ஒரு வாரம் 3 மணி நேரம் என்று ஏறி இறங்கும். மாறாமல் 2, 2, 2 என்று வந்தால் அது வெட்டுக் கோடு. கோடை நேரம் (கோடை மாதங்களுக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளும் வழக்கம்) தொடங்கியதும் அந்த 2 தானாகவே 1 ஆகக் குறைந்தால் சந்தேகமே வேண்டாம். மேற்குக் கரை அப்போது யுடிசிக்கு 7 மணி நேரம் பின்னால் வந்துவிடுகிறது, வெட்டு மாலை 5 மணிக்கு விழுகிறது.

திருத்தம்: சேமிப்பு யுடிசியிலேயே இருக்கட்டும். நாளையும் வாரத்தையும் பிரிப்பது மட்டும் அந்தந்த ஊழியரின் உள்ளூர் நேரப்படி நடக்க வேண்டும். செயலியில் பணியிடத்துக்கு ஒரு நேர மண்டலம், ஒவ்வொரு பயனருக்கும் ஒரு நேர மண்டலம் என்று இரண்டு அமைப்புகள் இருக்கலாம். அறிக்கை எதைப் பின்பற்றுகிறது என்பதை ஒரு சோதனைப் பதிவு போட்டுப் பாருங்கள்: யுடிசி நள்ளிரவைத் தாண்டும்படி 20 நிமிடப் பதிவு ஒன்றைச் செய்து, அது இரண்டாகப் பிளக்கிறதா என்று கவனியுங்கள்.

மண்டலத்தைக் குறிக்கும்போது "யுடிசி கழித்தல் 8" என்று எண்ணாக எழுதாமல், கண்டமும் நகரமும் சேர்ந்த பெயரைத் தேர்ந்தெடுங்கள். எண்ணுக்குக் கோடை நேரம் தெரியாது. பெயருக்குப் பின்னால் உலக நேர மண்டலங்களின் தரவுத்தளமே இருக்கிறது. எந்த ஊரில் எப்போது கடிகாரம் நகர்ந்தது என்ற வரலாறு அதில் பதிவாகியிருக்கிறது. எல்லா வித்தியாசமும் முழு மணியாக இருக்கும் என்றும் எண்ணிவிடாதீர்கள். இந்தியா யுடிசிக்கு 5 மணி 30 நிமிடம் முன்னால் இருக்கிறது, நேபாளம் 5 மணி 45 நிமிடம்.

## அறிகுறி 2: மார்ச் மாதத்திலும் அக்டோபர் கடைசியிலும் மட்டும் ஒரு மணி நேரம் கூடுகிறது அல்லது குறைகிறது

கோடை நேர மாற்றம். அமெரிக்காவில் மார்ச் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு தொடங்கி நவம்பரின் முதல் ஞாயிறு வரை. ஐரோப்பிய ஒன்றியத்தில் மார்ச் கடைசி ஞாயிறு தொடங்கி அக்டோபர் கடைசி ஞாயிறு வரை. இரண்டும் ஒரே நாளில் மாறுவதில்லை என்பதால் மார்ச்சில் இரண்டு மூன்று வாரங்களும் அக்டோபர் கடைசியில் ஒரு வாரமும் இரு கரைகளுக்கும் இடையிலான தூரம் ஒரு மணி நேரம் மாறிவிடும். கடிகாரத்தையே நகர்த்தாத நாடுகளில் இருப்பவர்களுக்கு இரண்டு மாற்றங்களும் தனித்தனியாக வந்து சேரும். வாராந்திரக் கூட்டம் திடீரென இன்னொரு கூட்டத்தின்மேல் ஏறிக்கொள்வதும், ஒருவர் ஒரு மணி நேரம் காத்திருந்ததும் நேரப்பதிவில் விநோதமான இடைவெளிகளாகத் தெரியும்.

இரவுப் பணியாளர்களுக்கு இது சம்பளப் பிரச்சினை. இரவு 11 முதல் காலை 7 வரை என்று கடிகாரம் பார்த்து எழுதினால் எப்போதும் 8 மணி நேரம்தான் வரும். கடிகாரம் முன்னால் தள்ளப்படும் இரவில் அவர் செய்தது 7. பின்னால் தள்ளப்படும் இரவில் 9. அந்த ஒன்பதாவது மணி நேரம் அவர் கண்விழித்துச் செய்த வேலை. உள்ளூர் நேரத்தில் கழிக்காமல், இரண்டு முனைகளையும் யுடிசிக்கு மாற்றிவிட்டுக் கழித்தால் சரியான விடை கிடைக்கும்.

## அறிகுறி 3: ஒருவருடைய எல்லாப் பதிவுகளும் ஒரே அளவு தள்ளிப்போயிருக்கின்றன

தள்ளிப்போன அளவு அவருடைய ஊருக்கும் யுடிசிக்கும் உள்ள வித்தியாசத்துக்குச் சமமாக இருக்கிறதா? அவருடைய கணினியில் விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்து இருக்கிறதா என்று கேளுங்கள். இயல்பான அமைப்பில், கணினியின் உள்கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் லினக்ஸ் யுடிசியாகவும் வாசிக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போதெல்லாம் நேரம் குதிக்கும். இரண்டும் ஒரே முறையைப் பின்பற்றும்படி அமைத்தால் தீர்ந்தது.

அளவு 3 நிமிடம், 7 நிமிடம் என்று ஒழுங்கின்றி இருந்தால், நேரத்தைத் தானாகப் பொருத்திக்கொள்ளும் அமைப்பு அணைந்திருக்கிறது என்று பொருள். இயக்கிவிடுங்கள்.

## அறிகுறி 4: டைமர் ஓடியது, ஆனால் நேரம் குறைவாக விழுந்தது

"காலையிலேயே டைமரைப் போட்டேன். மாலையில் பார்த்தால் 3 மணி நேரம்தான் காட்டுகிறது." இந்தப் புகாரைச் சொல்பவர்கள் ஒருவித தயக்கத்தோடுதான் சொல்வார்கள். நம்புங்கள், இதற்கு இயந்திரக் காரணங்கள் நிறைய உண்டு.

டைமர்கள் இரண்டு விதமாக எழுதப்படுகின்றன. ஒருவகை, தொடங்கிய கணத்தைக் குறித்துவைத்துக்கொண்டு, நிறுத்தும்போது கழித்துச் சொல்லும். மற்றொரு வகை, ஒவ்வொரு நொடியாக எண்ணிக்கொண்டே போகும். இரண்டாவது வகையில் எண்ணும் கை நின்றால் நேரமும் நின்றுவிடும். மடிக்கணினியின் மூடியை மூடினால் கை நிற்கும். கைபேசியின் பேட்டரிச் சேமிப்பு பின்னணிச் செயலியை உறங்கவைத்தால் நிற்கும். பிரவுசரிலும் இதே கதைதான்: 2021 ஜனவரியில் வந்த குரோம் 88 முதல், 5 நிமிடத்துக்கு மேல் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் தாவலின் டைமர்கள் பொதுவாக நிமிடத்துக்கு ஒருமுறைதான் விழித்தெழ அனுமதிக்கப்படுகின்றன. நொடிக்கு ஒன்று எண்ண வேண்டியது நிமிடத்துக்கு ஒன்று எண்ணினால் என்னவாகும் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

பத்து நிமிடத்தில் சோதித்துவிடலாம். டைமரைத் தொடங்குங்கள். சுவர்க் கடிகாரத்தில் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மூடியை மூடிவிட்டு, 10 நிமிடம் கழித்துத் திறந்து பாருங்கள். டைமர் 10 நிமிடத்தைச் சேர்த்துக் காட்டினால் அது கழித்துச் சொல்லும் வகை. மூடிய இடத்திலிருந்தே தொடர்ந்தால் அது எண்ணும் வகை. இதே சோதனையைப் பிரவுசர் தாவலை மறைத்து வைத்தும், கைபேசித் திரையை அணைத்தும் செய்து பாருங்கள். ஒரே செயலியின் கணினிப் பதிப்பும் கைபேசிப் பதிப்பும் வெவ்வேறு விதமாக நடந்துகொள்ளக்கூடும்.

எண்ணும் வகையாக இருந்தால் செயலியை மாற்றுவதே நல்லது. உடனே முடியாதென்றால், பேட்டரிச் சேமிப்பிலிருந்து அந்தச் செயலிக்கு விலக்கு கொடுத்துவிட்டு, தொடக்க நேரத்தை ஒரு தாளில் எழுதிவைக்கச் சொல்லுங்கள்.

## அறிகுறி 5: நாள் முழுதும் வேலை, பதிவிலோ பாதி நேரம் சும்மா இருந்ததாக வருகிறது

விசைப்பலகையும் மவுஸும் அசையாவிட்டால் ஆள் வேலையில் இல்லை என்று முடிவுசெய்யும் அமைப்பு இது. இந்த அறிகுறியைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் மிக அதிகமான மனக்கசப்பை உண்டாக்குவது இதுதான்.

ஒரு பதிவை அருகில் வைத்துப் பார்ப்போம். 10:02 முதல் 10:19 வரை வேலை. அதன்பிறகு 31 நிமிட வெற்றிடம். 10:50 முதல் 10:58 வரை வேலை. மறுபடியும் 22 நிமிட வெற்றிடம். 11:20 முதல் 12:40 வரை இடைவிடாத வேலை. அறிக்கையில் இது 1 மணி 45 நிமிடமாக வருகிறது. கடிகாரத்தில் 2 மணி 38 நிமிடம். இப்போது அவருடைய காலண்டரைப் பக்கத்தில் வையுங்கள். 10:20க்கு ஒரு வாடிக்கையாளருடன் தொலைபேசி உரையாடல். 10:58க்கு ஒரு நீண்ட வடிவமைப்பு ஆவணம் அவருக்கு வந்திருக்கிறது. 11:20 முதல் அந்த ஆவணத்துக்கு அவர் எழுதிய குறிப்புகள் வரிசையாக நிற்கின்றன. முதல் வெற்றிடத்தில் பேசினார். இரண்டாவது வெற்றிடத்தில் படித்தார். இரண்டும் அவருடைய அன்றைய வேலையின் கனமான பகுதிகள். அவற்றைத்தான் இயந்திரம் கழித்துவிட்டது.

திருத்தம் பல படிகளில் இருக்கிறது. முதலில், வெற்றிட நேரத்தைச் செயலி தானாகக் கழிக்கிறதா, ஊழியரைக் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்கும்படி மாற்றுங்கள்: "31 நிமிடம் அசைவில்லை, வைத்துக்கொள்ளவா, நீக்கவா?" என்ற கேள்விக்கு அவர் சொல்லும் பதிலே இறுதியானது. அடுத்து, அசைவின்மை வரம்பை வேலைக்கு ஏற்ப நீட்டுங்கள். தரவு உள்ளிடுபவருக்குப் பொருந்தும் வரம்பு, மொழிபெயர்ப்பாளருக்கோ நிரல் எழுதுபவருக்கோ பொருந்தாது.

என் தனிப்பட்ட முடிவையும் சொல்லிவிடுகிறேன். விசைத்தட்டல் சதவீதம் சம்பளக் கணக்கின் பக்கத்திலேயே வரக்கூடாது. அது வேலையை அளக்கவில்லை, விரல்களை அளக்கிறது. பிரான்ஸின் தனியுரிமை ஆணையமான சிஎன்ஐஎல் 2024 டிசம்பரில் ஒரு நிறுவனத்துக்கு 40,000 யூரோ அபராதம் விதித்தது. அங்கே இருந்த மென்பொருள் 3 முதல் 15 நிமிடம் வரை அசைவில்லாத இடைவெளிகளை வேலையற்ற நேரமாகக் குறித்தது, திரையையும் அவ்வப்போது படம்பிடித்தது. கணினியில் அசைவில்லாத நேரமும் கூட்டமாகவோ தொலைபேசி உரையாடலாகவோ வேலை நேரமாக இருக்கக்கூடும் என்பதை ஆணையம் தெளிவாகவே சொன்னது. உங்கள் செயலியில் திரையைப் படம்பிடிக்கும் வசதி இயங்கிக்கொண்டிருந்தால், அது எந்தத் தேவைக்காக இயக்கப்பட்டது என்று கேட்டுப் பாருங்கள். விடை கிடைக்காவிட்டால் அணைத்துவிடுங்கள்.

## அறிகுறி 6: ஒரு நாளில் 24 மணி நேரத்துக்கு மேல், அல்லது இடைவிடாமல் 14 மணி நேரம்

இரண்டாவது எளிது: டைமரை நிறுத்த மறந்துவிட்டார். குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் ஓடினால் நினைவூட்டும் வசதியை இயக்குங்கள். செயலி தானாக 8 மணி நேரத்தில் வெட்டிவிடும்படி மட்டும் அமைக்காதீர்கள்; உண்மையிலேயே 11 மணி நேரம் உழைத்தவரின் மூன்று மணி நேரம் அதோடு போய்விடும்.

முதலாவது, இரண்டு கருவிகளில் ஒரே சமயத்தில் டைமர் ஓடுவதால் வருவது. கைபேசி இணைப்பில்லாமல் இருந்தபோது நிறுத்திய டைமர், சர்வரில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். பதிவுகளைத் தொடக்க நேரப்படி வரிசைப்படுத்துங்கள். ஒரு பதிவு முடிவதற்குள் அடுத்தது தொடங்கியிருந்தால் அங்கே இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கின்றன. எதை நீக்குவது என்று நீங்கள் முடிவுசெய்ய வேண்டாம். இரண்டு வரிகளையும் அவருக்கு அனுப்பி, எது நிற்க வேண்டும் என்று கேளுங்கள்.

## அறிகுறி 7: விரிதாளில் 37:30 வர வேண்டிய இடத்தில் 13:30 வருகிறது

எக்செல் நேரத்தை ஒரு நாளின் பின்னமாக வைத்திருக்கிறது: நண்பகல் 0.5, மாலை 6 மணி 0.75. கூட்டல் 1ஐத் தாண்டினால், சாதாரண நேர வடிவம் முழு நாளை மறைத்துவிட்டு மிச்சத்தை மட்டும் காட்டும். 37:30இல் 24 மறைந்தால் 13:30. உள்ளே இருக்கும் எண் சரிதான், காட்டும் விதம்தான் தவறு. செல்லின் வடிவமைப்பில் மணியைக் குறிக்கும் எழுத்தைச் சதுர அடைப்புக்குறிக்குள் இட்டால் முழு எண் தெரியும். கூகுள் ஷீட்ஸில் கால அளவு என்ற வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

இதற்குப் பங்காளியான ஒரு பிழை: 37:30ஐ மணிக் கூலியால் நேரடியாகப் பெருக்குவது. உள்ளே இருப்பது 1.5625 நாள். 24ஆல் பெருக்கி 37.5 ஆக்கிய பிறகே கூலியால் பெருக்க வேண்டும். சம்பளம் 24 மடங்கு குறைவாக வந்தால் எல்லோரும் கவனித்துவிடுவார்கள் என்பதால் இது நீண்ட நாள் ஒளிந்திருக்காது.

நள்ளிரவைத் தாண்டும் பணியில் செல் முழுதும் # குறிகளாக நிறைந்துவிட்டால், கழித்தல் எதிர்மறையாகிவிட்டது. இரவு 10 மணிக்குத் தொடங்கி 2:30க்கு முடித்தால் 2:30இலிருந்து 22:00 போகாது. முடிவு தொடக்கத்தைவிடச் சிறியதாக இருக்கும்போது 1 நாள் கூட்டும்படி சூத்திரத்தை எழுதுங்கள், 4:30 வரும். நேரத்தோடு தேதியையும் சேர்த்துப் பதிந்தால் இந்தச் சிக்கலே எழாது.

## அறிகுறி 8: ஒருவருக்கு மட்டும் தினமும் 10, 15 நிமிடம் குறைகிறது

பெரிய கோளாறுகளைவிட இது ஆபத்தானது, ஏனென்றால் யாருக்கும் தெரியாமல் மாதக்கணக்கில் ஓடும்.

ஏழரை மணி நேரத்தை ஒருவர் 7.30 என்று எழுதுகிறார். கணக்கு அதைத் தசமமாக வாசிக்கிறது. தசமத்தில் 7.30 என்பது 7 மணி 18 நிமிடம். நாளுக்கு 12 நிமிடம் போயிற்று. 22 வேலை நாட்களில் 264 நிமிடம், அதாவது 4 மணி 24 நிமிடம். அரை நாள் உழைப்பு ஒரு புள்ளியில் கரைந்துவிடுகிறது.

கண்டுபிடிக்கும் வழி: அவருடைய ஒரு மாதப் பதிவில் புள்ளிக்குப் பின்னால் வரும் எண்களை மட்டும் எடுத்துப் பாருங்கள். .75, .80 போன்றவை வந்தால் அவர் தசமத்தில் எழுதுகிறார். ஒருமுறைகூட .59ஐத் தாண்டாமல், .15, .30, .45 என்றே சுற்றி வந்தால் அவர் நிமிடங்களை எழுதுகிறார். பழைய மாதங்களையும் திரும்பிப் பார்த்துக் கணக்கிட்டு, விடுபட்டதைக் கொடுத்துவிட வேண்டும். இனி வராமலிருக்க, மணிக்கும் நிமிடத்துக்கும் தனித்தனிப் பெட்டி வையுங்கள்.

## அறிகுறி 9: பதிவுகள் வேறு மாதங்களில் சிதறிக் கிடக்கின்றன

மாதத்தின் முதல் 12 நாள் பதிவுகள் ஆண்டு முழுதும் பரவியிருக்கின்றன, 13ஆம் தேதிக்குப் பிறகானவை செல்லின் இடது ஓரம் ஒட்டி எழுத்தாகவே நிற்கின்றன என்றால், நாளும் மாதமும் இடம் மாறிவிட்டன. 03/04 என்பது ஒருவருக்கு ஏப்ரல் 3, இன்னொருவருக்கு மார்ச் 4. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதும் ஐஎஸ்ஓ 8601 முறையை ஏற்றுமதியிலும் இறக்குமதியிலும் தேர்ந்தெடுங்கள்.

வாரக் கூட்டல்கள் மட்டும் இரண்டு அறிக்கைகளுக்கு இடையே ஒத்துப்போகாவிட்டால், ஒன்று ஞாயிற்றுக்கிழமையிலும் மற்றொன்று திங்கட்கிழமையிலும் வாரத்தைத் தொடங்குகிறதா என்று பாருங்கள்.

## அறிகுறி 10: ஊழியரின் பதிவும் வாடிக்கையாளருக்குப் போகும் பில்லும் ஒத்துப்போகவில்லை

முழுமையாக்குதல் எந்தப் படியில் நடக்கிறது என்று தேடுங்கள். ஆறு சிறு வேலைகள், ஒவ்வொன்றும் 4 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 24 நிமிடம். ஒவ்வொன்றையும் மேல்நோக்கி 15 நிமிடமாக்கினால் 90. ஒவ்வொன்றையும் அருகிலுள்ள 15க்கு நகர்த்தினால் 0. மொத்தத்தை மட்டும் அருகிலுள்ள 15க்கு நகர்த்தினால் 30. ஒரே உழைப்புக்கு மூன்று விடைகள். முழுமையாக்கியே ஆக வேண்டும் என்றால் கூட்டி முடித்த பிறகு ஒரே ஒருமுறை செய்யுங்கள்.

சம்பளத்தைப் பொறுத்தவரை முழுமையாக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. அமெரிக்கக் கூட்டாட்சி விதிகள் 5 நிமிடம், மணியில் பத்தில் ஒரு பங்கு, கால் மணி என்று முழுமையாக்குவதை அனுமதிக்கின்றன. ஆனால் காலப்போக்கில் அது ஊழியருக்குக் குறையாமல் சமனாக வேண்டும் என்ற நிபந்தனையோடு. அந்த விதி எழுதப்பட்டபோது காகித அட்டையில் நேரம் குத்தினார்கள். இன்று நொடிவரை பதிகிற கருவி கையில் இருக்கும்போது நிமிடங்களைத் தூக்கிப்போட ஒரு காரணமும் இல்லை.

## அறிகுறி 11: எல்லோருக்கும் எல்லா நாளும் சரியாக 8:00

கணக்கில் பிழையே தெரியாது. மேலாளர்கள் மகிழ்வார்கள். நான் கவலைப்படுவேன். மனிதர்களின் வேலை அப்படி அச்சில் வார்த்தாற்போல இருக்காது. 7:40 இருக்கும், 8:55 இருக்கும், ஒரு நாள் 6:10 இருக்கும்.

முதலில் எளிய காரணத்தைப் பாருங்கள். பதிவுகள் எப்போது உள்ளிடப்பட்டன என்ற விவரத்தைத் திறந்தால், ஐந்து நாட்களும் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து நிமிடத்துக்குள் நிரப்பப்பட்டிருக்கும். நினைவிலிருந்து எழுதியவை. நான்கு நாள் கழித்துச் செவ்வாய்க்கிழமை எப்போது எழுந்தோம் என்று யாருக்கும் நினைவிருக்காது, எனவே ஒப்பந்தத்தில் உள்ள எண்ணை எழுதுகிறார்கள். அன்றாடம் பதியும் பழக்கத்தை எளிதாக்குங்கள்: திட்டக் குறியீடுகள் 60 இருந்தால் 8 ஆகக் குறையுங்கள், 3 தட்டல்களுக்குள் பதிவு முடியட்டும். "பிற" என்ற தலைப்பில் ஏராளமான நேரம் குவிவதும் இதே நோயின் அறிகுறிதான். ஆட்கள் தேடும் தலைப்பு பட்டியலில் இல்லை.

அன்றாடம் பதிந்தும் 8:00 மாறவில்லையென்றால், எட்டுக்கு மேல் எழுதினால் கேள்வி வரும் என்று அஞ்சுகிறார்கள். இரவு 11 மணிக்கு அவர்களிடமிருந்து செய்தி வருகிறது, பதிவு மட்டும் மாலை 6 மணிக்கு முடிகிறது. இந்த மறைந்த நேரம்தான் தொலைநிலை வேலையின் உண்மையான கணக்குப் பிழை. வீட்டில் வேலைக்கும் ஓய்வுக்கும் நடுவே கதவு இல்லை, அதனால் நேரம் கசிகிறது.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்பதை உங்கள் மேலாளர்களுக்குக் காட்டுங்கள். ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019 மே 14 அன்று, அன்றாட வேலை நேரத்தை அளக்கப் புறநிலையான, நம்பகமான, எளிதில் அணுகக்கூடிய முறை ஒன்று நிறுவனங்களில் இருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தொழிற்சங்கம் ஒன்று தொடுத்த வழக்கு அது. பதிவு இல்லாவிட்டால் ஊழியரால் தன் உரிமையை மெய்ப்பிக்க முடியாது என்பதே அதன் அடிப்படை. ஒன்றியத்தின் 2003ஆம் ஆண்டு வேலை நேர நெறிமுறையின்படி 24 மணி நேரத்தில் தொடர்ச்சியாக 11 மணி நேர ஓய்வு வேண்டும். கூடுதல் நேரம் உட்பட வாரச் சராசரி 48ஐத் தாண்டக் கூடாது. அமெரிக்காவில் 1938ஆம் ஆண்டு நியாயமான தொழிலாளர் தரச் சட்டத்தின் கீழ் வருபவர்களுக்கு, வேலை நடப்பது நிறுவனத்துக்குத் தெரிந்திருந்தால், யாரும் அதைக் கேட்டு வாங்காவிட்டாலும், வீட்டிலிருந்தே செய்திருந்தாலும் அது வேலை நேரம்தான்.

ஆகவே அறிக்கையில் ஒரு புதிய பத்தியை (நெடுவரிசையை) சேருங்கள்: முந்தைய நாளின் கடைசி முடிவுக்கும் அடுத்த நாளின் முதல் தொடக்கத்துக்கும் நடுவே எத்தனை மணி நேரம்? அந்த எண் 11க்குக் கீழே இறங்கும்போது சிவப்பாகட்டும். எங்கள் குழுவில் இந்தப் பத்தியைச் சேர்த்த பிறகு, யார் குறைவாக வேலை செய்கிறார் என்று யாரும் என்னிடம் கேட்பதில்லை. யாருடைய சுமையைக் குறைக்க வேண்டும் என்று கேட்கிறார்கள்.

## அறிகுறி 12: ஒரே கூட்டம், மூன்று பேர், மூன்று அளவுகள்

ஒருவர் 30 நிமிடம் என்கிறார், காலண்டரில் இருந்தபடி. இன்னொருவர் 42, உண்மையில் நடந்தபடி. மூன்றாமவர் 55, முன்தயாரிப்பையும் சேர்த்து. மூவரும் நேர்மையாகத்தான் எழுதியிருக்கிறார்கள். வேலை நேரம் என்றால் என்ன என்று குழு முடிவுசெய்யவில்லை. ஒரு பக்கத்தில் எழுதி எல்லோருக்கும் கொடுங்கள்: முன்தயாரிப்பு சேரும், சிறு இடைவேளை சேரும், மதிய உணவு சேராது, இணைப்பு அறுந்து காத்திருந்த நேரம் சேரும், அழைப்புக்காகத் தயார்நிலையில் இருக்கும் நேரத்துக்கு இன்ன விதி. உங்கள் நாட்டுச் சட்டம் இதில் எதையாவது ஏற்கெனவே முடிவுசெய்திருந்தால் அதுவே மேலோங்கும்.

## திருத்திய பிறகு

பழைய பதிவை அழித்துவிட்டுப் புதியதை எழுதாதீர்கள். பழையது நிற்க, பக்கத்தில் திருத்தம் வரட்டும். யார், எப்போது, ஏன் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். வித்தியாசத் தொகை அவருக்குச் சேர வேண்டியதாக இருந்தால் அடுத்த மாதத்துக்குத் தள்ளாமல் அதே சம்பளத்தில் சேர்த்துவிடுங்கள்.

என் சக ஊழியருக்கு நான் இரண்டாவதாக எழுதிய கடிதம் நான்கு வரிதான்: பிழை எங்கள் அறிக்கையின் நாள் வெட்டில் இருந்தது, உங்கள் பதிவு சரியானது, கடந்த ஐந்து மாதங்களையும் திருத்திவிட்டேன், உங்களைக் கேட்கும் முன் நான் இதைப் பார்த்திருக்க வேண்டும், மன்னியுங்கள். திருத்திய ஐந்து மாதப் பதிவுகளையும் அதோடு இணைத்து அனுப்பினேன். அடுத்த வாரம் அவரே அதே கோளாறை, பசிபிக்கின் மறுகரையில் இருந்த இன்னொருவரின் பதிவில் கண்டுபிடித்து எனக்குத் தெரிவித்தார்.